நின்று செவிமடுத்த ஆண்டவர்



மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலே ஒரு பெண்மணி வருகிறார். அவருடைய பெயரை நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. ஆயினும் அவரது நோயின் வரலாற்றை மட்டும் ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தியவர். வைத்தியர் பலரிடம் சென்று அல்லலுற்றவர். கையிலிருந்த பொருள் யாவையும் செலவழித்தவர். அவ்வளவும் செய்தும் சுகம் காணாது, நாளுக்கு நாள் நிலைமை மோசமடையக் கண்டவர். இன்று எமது நாட்டில் ஏதாவதொரு வைத்தியசாலையின் வாங்கிலே கோப்பும் கையுமாகக் காத்திருக்கும் ஒருவருடைய கதையைப் போலவே அது இருக்கிறது அல்லவா?

இயேசு அப்போது அவசரமாகச் சென்றுகொண்டிருந்தார். தொழுகைக்கூடத் தலைவரான யாயீரின் மகள் சாகுந் தறுவாயில் இருந்தாள். மக்கள் கூட்டம் நெருக்கியடித்தது. அந்தப் பெண் பின்னால் வந்து அவரது ஆடையைத் தொட்டார். தொட்ட கணத்திலேயே நோய் நீங்கியது. இயேசு அத்துடன் நடையைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அவர் நின்றார். தம்மைத் தொட்டவர் யாரென்று கேட்டார். அப்பெண் அஞ்சி நடுங்கி அவர்முன் விழுந்து, நிகழ்ந்தவை அனைத்தையும் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டு முடித்த பின்னரே இயேசு அவரை மகள் என்று அழைத்து, சமாதானத்துடன் அனுப்பி வைத்தார்.

உடல் நோய் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அப்படியாயின் இயேசு நின்றது எதற்காக? அப்பெண்ணின் வாயிலிருந்து அவருடைய கதையைக் கேட்பதற்காகவே. நோயாளியின் சாட்சியம் ஆண்டவருடைய பயணத்தையே நிறுத்தத் தக்க பெறுமதி வாய்ந்தது என்பதை இந்த நிகழ்ச்சி எமக்கு உணர்த்துகிறது. இந்த வாரம், புற்றுநோயோடு வாழ்ந்தவர்கள் சொல்லிச் சென்றவற்றுக்கும், இன்று எம்மிடையே வாழ்பவர்கள் சொல்ல விரும்புபவற்றுக்கும் சற்று நின்று செவிசாய்ப்போம்.

பெயர் சொல்லப்படாத நோய்

எம்மவர் வீடுகளிலே புற்றுநோய்க்குப் பெயர் சொல்லும் வழக்கம் குறைவு. 'அந்த வருத்தம்' என்பார்கள்; 'பொல்லாத வருத்தம்' என்பார்கள். வைத்தியர் முடிவைச் சொல்லும்போது நோயாளி வெளியே வாங்கில் இருப்பார். மகனோ மருமகனோ உள்ளே சென்று கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, 'ஒன்றுமில்லை அம்மா, சின்னக் கட்டிதான்' என்பார். அது அன்பினால் சொல்லப்படும் பொய் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தலைமுடி உதிரும்போதும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தம் நோயின் பெயரைச் சொல்லும்போதும், அந்தத் தாய்க்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் மனமுடைந்து போவார்களே என்று அவரும் தெரியாதவர்போல நடிக்கிறார். ஒரே வீட்டிலே அன்புள்ள அனைவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

இந்த நோய் அபூர்வமானதன்று. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஐந்து பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதனைச் சந்திக்கிறார் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கணித்துள்ளது. எமது நாட்டிலே பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும், ஆண்களிடம் வாய்ப் புற்றுநோயும் முன்னணியில் நிற்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு வரும் எந்தக் கூட்டத்திலும், இதனை அனுபவித்தவரோ அனுபவித்தவரைப் பராமரித்தவரோ இல்லாத வரிசை அரிது. இருந்தும் நாம் பேசுவதில்லை. பேசாத இடத்திலே அச்சம் வளர்கிறது.

ஒரு கர்தினாலின் சாட்சியம்

அமெரிக்காவின் சிக்காகோ உயர் மறைமாவட்டத்தின் பேராயராக இருந்தவர் கர்தினால் ஜோசப் பேர்ணாடின். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சையும், அதன்பின் கதிர்வீச்சும் மருந்தேற்றலும் நடைபெற்றன. 1996 ஆகஸ்டில் நோய் ஈரலுக்குப் பரவியிருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். தமது இறுதி நாட்களில் அவர் எழுதி முடித்த சிறு நூல், அவர் மறைந்தபின் 1997இல் வெளிவந்தது. சமாதானம் இறைவனின் கொடை என்னும் கருத்தே அந்நூலின் தலைப்பாயிற்று.

அவரது சாட்சியத்தில் எம்மைத் தொடுபவை மூன்று. முதலாவது, அவர் எதையும் மறைக்கவில்லை. நோய் வந்தபோதும், அது திரும்பி வந்தபோதும் தாமே மக்கள் முன்தோன்றி அறிவித்தார். அச்சமும் கண்ணீரும் தமக்கு வந்ததை ஒப்புக்கொண்டார். பேராயர் அழலாமா என்று அவர் எண்ணவில்லை. அழுதவரின் விசுவாசம் எவ்விதத்திலும் குறைந்துபோகவுமில்லை.

இரண்டாவது, சத்திரசிகிச்சையின் பின் வலியும் களைப்பும் மிகுந்திருந்த வேளையில், செபிக்க விரும்பியும் தம்மால் முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். ஆதலால், உடல் நலமாக இருக்கும்போதே செபவாழ்வை உறுதியாகக் கட்டியெழுப்பிக் கொள்ளுங்கள் என்று தம்மைக் காணவந்த நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, 'செபமாலை சொன்னீர்களா? விசுவாசத்தோடு மன்றாடினீர்களா?' என்று விசாரிக்கும் வழக்கமுள்ள நாம் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். வலியிலே கிடக்கிற மனிதருக்குச் செபிக்க முடியாமற் போவது பாவமன்று. அவ்வேளையில் அவருக்காகச் செபிக்க வேண்டியவர்கள் நாமே. திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வருடைய விசுவாசத்தைக் கண்டே இயேசு அவனைக் குணப்படுத்தினார் என்று அதே நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது.

மூன்றாவது, சிகிச்சைக்காக வைத்தியசாலை சென்ற காலத்தில் அவர் அங்கிருந்த மற்றைய நோயாளருடன் அமர்ந்து பேசலானார். அவர்களது பெயர்களைக் குறித்துக்கொண்டு, நாள்தோறும் அவர்களுக்காகச் செபித்தார், கடிதங்கள் எழுதினார். அந்தப் பெயர்ப்பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டது. உயர்ந்த ஆசனத்தில் இருந்து செய்த பணிகளைவிட, நோயாளர் நடுவே ஒரு நோயாளியாகச் செய்த இப்பணியே அவரைப் பலருடைய உள்ளத்தில் நிலைநிறுத்தியது எனலாம். நோயாளி என்றால் பிறருடைய உதவியைப் பெறுபவர் மட்டுமே என நாம் எண்ணுகிறோம். கொடுப்பதற்கும் அவரிடம் உண்டு. தமது வேதனையிலிருந்து பேசும் ஒருவரால் மட்டுமே வேதனைப்படும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடிய ஆறுதல் அது.

இருபத்தைந்து நிமிட மௌனம்

இத்தாலியின் சசெல்லோ என்னும் சிற்றூரில் 1971இல் பிறந்தவர் கியாரா பதானோ. பதினொரு ஆண்டுகள் காத்திருந்த பெற்றோருக்குக் கிடைத்த ஒரே பிள்ளை. விளையாட்டிலும் பாட்டிலும் நாட்டமுள்ள அந்த மாணவிக்குப் பதினேழாவது வயதில், டென்னிஸ் ஆடும்போது தோளில் கடும் வலி ஏற்பட்டது. பரிசோதித்தபோது அது எலும்புப் புற்றுநோய் எனத் தெரிந்தது. 1990 ஒக்டோபர் 7ஆந் திகதி, பத்தொன்பது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் அவர் மரித்தார். 2010 செப்டெம்பர் 25ஆந் திகதி திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராகப் பிரகடனம் செய்தது.

அவருடைய வாழ்வில், தாயார் பின்னர் எடுத்துரைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. தமது நோயின் உண்மையான தன்மையை வைத்தியரிடமிருந்து அறிந்துகொண்டு வீடு திரும்பிய கியாரா, இப்போது எதுவும் பேச வேண்டாமென்று தாயிடம் கேட்டுக்கொண்டு கட்டிலில் விழுந்தார். தாயார் அருகிலேயே இருந்தார். பேச வேண்டும், தேற்ற வேண்டும் என்று அவர் மனம் துடித்தது. ஆனால் மகளின் சொல்லுக்கு மதிப்பளித்து மௌனமாய் இருந்தார். இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்தன. அதன்பின் மகள் திரும்பி, வழமையான புன்னகையுடன், இனிப் பேசலாம் என்றார்.

புனிதப் பாதையில் நடந்த ஓர் இளம்பெண்ணுக்கும் அந்த இருபத்தைந்து நிமிடங்கள் தேவைப்பட்டன. கெத்சமனித் தோட்டத்திலே எம் ஆண்டவருக்கும் ஓர் இரவு தேவைப்பட்டது. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என்று முதலில் கேட்ட பின்னரே அவர் தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். அவ்வாறிருக்க, நோயின் பெயரைக் கேட்ட மறுகணமே 'எல்லாம் கடவுள் சித்தம், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று நாம் சொல்வது எவ்வளவு அவசரம்! ஏற்றுக்கொள்ளல் என்பது நோயாளி தமது வேளையிலே வந்து சேரவேண்டிய இடம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துச்செல்ல எவராலும் முடியாது. அந்தத் தாயைப்போல அருகில் இருக்கத்தான் முடியும்.

நோயாளரிடம் பாடம் கேட்ட வைத்தியர்

இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரின் பெயரைப் பலர் அறிந்திருப்பர். தாதியாகவும் வைத்தியசாலைச் சமூகசேவையாளராகவும் இருந்து பின்னர் வைத்தியரானவர். 1948இல் இலண்டனிலே, உறவினர் எவருமற்ற நிலையில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு யூதர் ஒருவரின் அருகே அமர்ந்து அவர் பல நாட்கள் பேசினார். இறப்போருக்கென வலியைத் தணித்து, மனிதராக மதித்துப் பராமரிக்கும் ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வுரையாடல்களிலே முளைத்தது. அந்த மனிதர், அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்புவதாகச் சொல்லித் தம்மிடமிருந்த 500 பவுணை அவருக்கு விட்டுச்சென்றார். பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1967இல், புனித கிறிஸ்தோப்பர் இல்லம் இலண்டனிலே திறக்கப்பட்டது. உலகெங்கும் இன்று நடைபெறும் நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கு அதுவே முன்னோடி.

இடைப்பட்ட காலத்தில் அம்மையார், கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் பணியாற்றினார். அங்கே நோயாளரின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டார். அதிலிருந்து இரு பாடங்களைக் கற்றார். ஒன்று, வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், உரிய நேர ஒழுங்கில் மருந்து கொடுத்தால் வலியை அடக்கி வைக்கலாம் என்பது. மற்றையது, நோயாளியின் வேதனை உடலில் மாத்திரம் இல்லை என்பது. மனத்தின் வேதனை, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய வேதனை, ஆன்மாவின் வேதனை எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தை எண்ணிக் கலங்கும் தந்தைக்கு, மருந்து மட்டும் போதாது. அந்தக் கலக்கத்தைக் கேட்கவும் ஒருவர் வேண்டும்.

வலிக்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்றும், சிலுவையைத் தட்டிக்கழிப்பது என்றும் எம்மவருள் சிலர் எண்ணுவதுண்டு. திருச்சபையின் போதனை அதுவன்று. 1957ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், கடும் வலியைத் தணிக்கும் மருந்துகளைப் பயன்படுத்துவது ஒழுக்கநெறிக்கு ஏற்புடையது என வைத்தியர்களுக்கு விளக்கினார். நோய்த் தணிப்புப் பராமரிப்பு பிறரன்பின் சிறப்பான வடிவம் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2279) போதிக்கிறது. கல்வாரியிலே தாகமாயிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னபோது, கடற்பஞ்சை நீட்டிய கை ஒன்று இருந்தது. சிலுவையில் இருப்பவரின் தாகத்தைத் தணிப்பது சிலுவைக்கு எதிரானதன்று.

காயப்படுத்தும் சொற்கள்

நோயின் வேதனையைவிட, காணவந்தவர்களின் சொற்கள் தந்த வேதனை அதிகம் என்று சொல்லும் நோயாளர் எத்தனையோ பேர். 'உங்கள் குடும்பத்தில் யார் செய்த பாவமோ' என்பார் ஒருவர். 'இந்த மருந்தெல்லாம் உடம்பைக் கெடுக்கும், செபத்தில் மட்டும் நம்பிக்கை வையுங்கள்' என்பார் இன்னொருவர். 'எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே வருத்தம், ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது' என்பார் மூன்றாமவர்.

பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு தெளிவாக மறுத்ததை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வைத்தியரை மதிக்கும்படியும், மருந்துகள் நிலத்தினின்று ஆண்டவரே தோற்றுவித்தவை என்றும் சீராக்கின் ஞானநூல் முப்பத்தெட்டாம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. அதே பகுதி செபத்தையும் வலியுறுத்துகிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது வேதாகமத்தின் வழியன்று.

புற்றுநோயாளரின் பாதுகாவலராகப் போற்றப்படும் புனித பெரகிரீன் வரலாறும் இதனையே காட்டுகிறது. இத்தாலியின் போர்லி நகரைச் சேர்ந்த இத்துறவியின் காலைப் புண் அரித்தபோது, வைத்தியர்கள் காலை வெட்டி அகற்றத் தீர்மானித்தனர். அவர் அதற்கு இணங்கினார். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவைச் சிலுவையின் முன் செபத்தில் கழித்தார் என்றும், காலையில் கால் குணமாகியிருந்தது என்றும் மரபு கூறுகிறது. புதுமையை நினைவில் வைக்கும் நாம், வைத்தியரின் தீர்மானத்துக்கு அவர் முதலில் இணங்கியதை மறந்துவிடலாகாது.

யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய்திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னரே தவறினார்கள். முடிவிலே ஆண்டவர் கடிந்துகொண்டது விளக்கம் சொன்ன நண்பர்களை. முறையிட்டு அழுத யோபுவையன்று. இதனை நாம் ஒவ்வொரு தடவையும் வாட்டுக்குள் நுழையுமுன் நினைவுகூர்ந்தால் நன்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நோயாளியைப் பேச விடுவோம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்போம். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், 'பயப்படாதீர்கள்' என்று வாயை அடைக்காமல், எது பயமாக இருக்கிறது என்று கேட்போம். உண்மையை அறிய விரும்பும் நோயாளியிடம் அதனை மறைக்காமல், வைத்தியரின் துணையுடன், அவர் தாங்கும் அளவில் அன்போடு எடுத்துரைப்போம். ஒப்புரவாக வேண்டியவர்களோடு ஒப்புரவாகவும், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவருக்கு உள்ள உரிமையைப் பறிக்காதிருப்போம்.

இரண்டாவதாக, வெட்கத்தை உடைப்போம். நற்செய்தியில் வரும் பெண் பின்புறமாக வந்து தொட்டதற்கு வெட்கமும் ஒரு காரணமே. அந்நோயுள்ள பெண் தீட்டுள்ளவள் எனச் சட்டம் ஒதுக்கியிருந்தது. இன்றும் மார்பிலே கட்டியொன்றை உணர்ந்த தாய்மார், கணவனுக்கும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். வாயிலே ஆறாத புண்ணுடன் வெற்றிலையைத் தொடர்ந்து போடும் தந்தையர் உண்டு. தொடக்கத்தில் கண்டறிந்தால் இவ்விரண்டு புற்றுநோய்களும் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ காலந்தாழ்த்தாமல் காட்டும்படி வீட்டிலுள்ளோர் ஊக்கப்படுத்த வேண்டும். பங்கின் மாதர் கூட்டங்களிலே இதுபற்றிப் பேசுவது வெட்கத்துக்குரிய செயலன்று, உயிர்காக்கும் பணி.

மூன்றாவதாக, பயணத்தில் துணைசெல்வோம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து மகரகமவுக்கு இரவு பஸ்ஸில் சென்று, மொழி தெரியாத வாட்டிலே தவித்த குடும்பங்களின் கதைகளை நாம் அறிவோம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பல இனத்தவரும் நடந்து நிதி திரட்டியதன் பயனாகத் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கின் முனையிலிருந்து வடக்கின் முனைவரை, தாம் அறியாத நோயாளருக்காகக் கால்நோக நடந்தவர்கள் எமக்கு ஒரு முன்மாதிரி. எமது பங்கிலே கிளினிக்குக்குச் செல்பவருடன் ஒருநாள் கூடச் செல்வதும், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று சமைத்துக் கொடுப்பதும், இரவும் பகலும் பராமரிப்பவருக்கு ஓரிரு மணிநேர ஓய்வு அளிப்பதும் எம்மால் இயலாத காரியங்களல்ல.

நான்காவதாக, அருட்சாதனத்தைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடாதிருப்போம். சுவாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று நினைவிழக்கும்வரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. நோயிற்பூசுதல் சாகுந் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவுபடுத்தியது. பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னரும், நீண்ட சிகிச்சையின் நடுவிலும், நோயாளி தாமே பதில் சொல்லி, தாமே கையை நீட்டி அதனைப் பெற்றுக்கொள்வது எவ்வளவு ஆறுதல்!

யாயீரும் காத்திருந்தார்

நாம் தொடங்கிய நிகழ்ச்சிக்கே திரும்புவோம். இயேசு நின்று அப்பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், யாயீரின் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து சிறுமி இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கேட்பதற்குச் செலவிட்ட நேரம் சிறிய விலையன்று. தம் மகளின் உயிர் ஊசலாட, வேறொருவரின் பன்னிரண்டு ஆண்டுக் கதை முடியும்வரை அந்தத் தந்தை எப்படித் துடித்திருப்பார்! ஆயினும் இயேசு பெண்ணை இடைமறிக்கவில்லை, யாயீரையும் கைவிடவில்லை. அஞ்ச வேண்டாம் என்று அவரைத் தேற்றி, அவரோடு வீடுவரை நடந்தார்.

புற்றுநோயோடு வாழ்வோர் எல்லாரும் குணமடைவதில்லை. குணமடைந்தவரும் ஒவ்வொரு பரிசோதனையின் முன்னும் உறக்கமின்றி இருக்கிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் மருந்தோடு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைக்கிறார்கள். மடுத் திருவிழாவுக்குப் போய் வருகிறார்கள். சிலருக்குக் காலம் குறுகியது. எவருக்கு எது என்பது எம் கையில் இல்லை. ஆனால் அவர்களில் எவரும் தம் கதையைக் கேட்பாரின்றித் தனியே சுமக்காதபடி பார்ப்பது எம் கையில் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தின் எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளோடு முடிகிறது. அதற்கும் வேதாகமத்திலே இடம் உண்டென்றால், எம் வீட்டு நோயாளியின் இருளான வார்த்தைகளுக்கு எம் செவியில் இடம் இல்லாமற் போகலாமா?

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்களுக்குத் தெரிந்த ஒரு நோயாளியின் வீட்டுக்குச் செல்லுங்கள். பழத்தோடு செல்வது நல்லதே. நேரத்தோடு செல்வது அதனிலும் நல்லது. அறிவுரை எதையும் கொண்டுசெல்ல வேண்டாம். அமர்ந்து, அவர் சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

செபம்: ஆண்டவரே, அவசரமான வழியிலும் ஒரு நோயாளிக்காக நின்றவரே, எங்கள் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் புற்றுநோயால் வருந்தும் அனைவரையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். அவர்களது வலியைத் தணித்தருளும். வைத்தியருக்கும் தாதியருக்கும் ஞானத்தையும் பொறுமையையும் தாரும். பராமரிக்கும் உறவினர் சோர்ந்துபோகாதபடி தாங்கும். பேச வேண்டிய வேளையில் உண்மையையும், பேசக்கூடாத வேளையில் மௌனத்தையும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.